எழுபதுக்குக் கீழே

போன வாரம் வந்தனாவை எடை மெஷின் மேல் நிற்க வைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முதலில் அவளை இறக்கிவிடுவோம்.

எழுபது புள்ளி ஆறு.

"எவ்ளோடி?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. மாமியார் ஷ்யாமளா.

"எழுபது புள்ளி ஆறும்மா."

"அறுநூறு கிராம்தானே! டாக்டர்கிட்ட போறதுக்குள்ள கரைஞ்சுடும். ஃபைவ் கார்டனை ரெண்டு சுத்து சுத்திட்டுப் போ."

மாதுங்காவில் அந்த ஃப்ளாட்டின் ஃபிரிட்ஜ் கதவில் மூன்று மாதமாக ஒரு காகிதம் தொங்குகிறது. செம்பூர் டாக்டர் போன தடவை எழுதிக் கொடுத்தது. 'எழுபதுக்குக் கீழே – குறைக்க வேண்டும். பிறகு ப்ளான் பண்ணலாம்' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி. அதன் கீழே சிவப்புப் பேனாவால் இரண்டு கோடு போட்டது ஷ்யாமளா. ப்ளான் என்றால் குழந்தை. வந்தனாவுக்கு முப்பத்து நான்கு வயது ஆகிறது. அன்று அவள் எடை எழுபத்தாறு. இன்றைக்கு டாக்டர் பச்சைக்கொடி காட்டுவாரா மாட்டாரா என்பதுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்வி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வந்தனாவுக்கு இருப்பது ஐம்பது வயதில் பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை. பதினோரு வயதில் வந்தது. உடம்பில் இன்சுலின் என்பதே சுரக்காத வகை. பள்ளிக்கூட நாளிலிருந்து ஊசி. எட்டு மாதமாக இடுப்பில் ஒரு பம்ப். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. அதிலிருந்து மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் சொட்டுச் சொட்டாக இன்சுலின் போகிறது. சாப்பாட்டுக்கு முன்னால் எவ்வளவு சாப்பிடப் போகிறோம் என்று கணக்குப் போட்டு, பட்டனை அழுத்திக் கூடுதலாக விட வேண்டும். மேல்கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை சர்க்கரையின் அளவைப் போனுக்கு அனுப்பும். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்பு. மேலே பார்த்தால் ஏறுகிறது, கீழே பார்த்தால் இறங்குகிறது.

அவள் போனுக்கு மட்டும் அனுப்பினால் தேவலையே! கணவன் வைத்தீஸ்வரன் போனுக்கும் போகிறது, ஷ்யாமளா போனுக்கும் போகிறது. பம்ப் மாட்டிய அன்று வைத்திதான் அவள் போனை வாங்கி, அக்கறையாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் இணைத்தான். அன்றிலிருந்து வந்தனா ஒரு மாரி பிஸ்கட்டை நிம்மதியாகத் தின்றதில்லை. தின்றால் இருபதாவது நிமிஷம் அந்தேரி ஆபீஸிலிருந்து போன் வந்துவிடும்.

"என்ன சாப்பிட்டே?"

அவ்வளவுதான் கேள்வி. திருடனிடம் 'எங்கே ஒளித்து வைத்தாய்' என்று கேட்கிற தொனி. வைத்தி நல்லவன்தான். நல்லவர்கள் காவல் இருந்தால் தப்பிக்கவும் வழியில்லை, கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

இதில் எடை குறைப்பது இன்னொரு கூத்து. எடை குறைய நடந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்குகிறது. இறங்கினால் உடனே இனிப்பாக ஏதாவது உள்ளே போயாக வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம். இனிப்பு உள்ளே போனால் நடந்து கரைத்தது திரும்பி வந்துவிடுகிறது. செக்குமாடு கூட இவளைப் பார்த்துப் பரிதாபப்படும். அப்படியும் மூன்று மாதத்தில் ஐந்தரைக் கிலோ குறைத்திருக்கிறாள் என்றால் எவ்வளவு பட்டினி கிடந்திருப்பாள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதே காலுக்குத் தட்டு வந்தது. அதில் இரண்டு இட்லி.

"இன்னும் ரெண்டு போடுங்கோம்மா."

"போறும்டி. வெயிட் பாக்கற நாளும் அதுவுமா! மாவை உள்ள வெச்சுட்டேன்."

"நாலு இட்லிக்கு பம்பை அழுத்திட்டேனே."

"ரெண்டுக்கு மாத்தி அழுத்தேன்."

"உள்ள போன இன்சுலின் திரும்பி வராதும்மா."

"வராட்டா என்ன? மருந்து கொஞ்சம் ஜாஸ்தியா போயிருக்கு. சுகர் நன்னா கம்மியாகும். நல்லதுதானே?"

கம்மி. அந்த வீட்டில் அது மங்கலமான வார்த்தை. ஷ்யாமளாவின் கணவர் பஞ்சாபகேசனுக்கு முப்பது வருஷம் சர்க்கரை. தினமும் காலையில் விரல் நுனியில் குத்திப் பார்ப்பார். "கம்மியா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஷ்யாமளா காப்பி கலப்பாள். 'கம்மி' என்றால் அன்று வீட்டில் சிரிப்பு. 'ஜாஸ்தி' என்றால் மௌனம். கடைசியில் ஜாஸ்தி ஜெயித்தது. சிறுநீரகம் இரண்டும் போய், நான்கு வருஷத்துக்கு முன் அவரும் போய்விட்டார். மருமகளுக்கு இருப்பது வேறு சர்க்கரை, கம்மியானாலும் ஆபத்து என்று வைத்தி ஒரு தடவை சொல்லியிருக்கிறான். ஷ்யாமளா தலையாட்டினாள். 'ரொம்ப நடக்காதே, கால் வலிக்கும்' என்று டாக்டர்கள் ஒப்புக்குச் சொல்வார்களே, அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டாள்.

இந்த இடத்தில் எனக்கு வந்தனா மேல்தான் கோபம் வருகிறது. எழுந்து போய் இன்னும் இரண்டு இட்லி ஊற்றிக்கொள்ள எத்தனை நேரமாகும்? சயானில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாலுக்கு அழுத்தி ரெண்டைத் தின்றால் மிச்சம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அறுநூறு கிராம் கண்ணை மறைத்தது. பையின் பக்கவாட்டு அறையில் இரண்டு ஜூஸ் பாக்கெட் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் கழுவிவிட்டாள்.

ஃபைவ் கார்டனை இரண்டு சுற்றுச் சுற்றினாள். போனில் நூற்றுப் பதினெட்டு, அம்பு லேசாகச் சாய்ந்திருந்தது. கிங்ஸ் சர்க்கிளில் செம்பூர் போகிற ஏ.சி. பஸ்ஸைப் பிடித்து, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள். பஸ் சயான் தாண்டுவதற்குள் நின்றது. நின்றது நின்றதுதான். முன்னால் லாரிகள், பின்னால் லாரிகள். கதவு மூடியிருந்தது, ஜன்னலோ திறக்கவே திறக்காத கண்ணாடி.

பதினொன்றரைக்கு இடுப்பில் பம்ப் அதிர்ந்தது. எழுபத்தொன்று. இரண்டு அம்பு, கீழே.

பம்ப் தானாகவே சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. அதற்கு அவ்வளவுதான் முடியும். காலையில் அழுத்தியது உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. வந்தனா பையின் பக்கவாட்டு அறையில் கையை விட்டாள்.

ஜூஸ் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அதில் நறுக்கிய வெள்ளரிக்காய், மிளகுப்பொடி தூவி.

அவளுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பையைக் கவிழ்த்துத் தேடினாள். கை நடுங்க ஆரம்பித்திருந்தது. வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, பையில ஜூஸ்..."

"நான்தான்டி எடுத்து ஃபிரிட்ஜ்ல வெச்சேன். மெஷின்ல ஏறறதுக்கு முன்னாடி நீ பாட்டுக்கு எடுத்துக் குடிச்சுட்டேன்னா? மூணு மாசக் கஷ்டம் காலிபீலி வேஸ்ட் ஆயிடுமே! வெள்ளரிக்கா வெச்சிருக்கேன் பாரு." ஷ்யாமளாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "போனைப் பாத்துண்டேதான் இருக்கேன். அம்பத்தெட்டு! செகப்புக் கலர்ல ஜோரா வந்திருக்கு! உனக்கு இவ்ளோ கம்மியா நான் பாத்ததே இல்லடி. சமத்து!"

"அம்மா... கம்மி... கூடாது..."

"என்ன? சரியா கேக்கல. ஒரே ஹாரன் சத்தமா இருக்கு. சரி, நீ நிம்மதியா போயிட்டு வா."

போன் வைக்கப்பட்டுவிட்டது. வந்தனாவுக்கு நாக்கு தடித்துவிட்டது. வைத்திக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. நூற்று அறுபது போனால் இருபதாவது நிமிஷம் கூப்பிடுகிறவன் இப்போது ஏதோ மீட்டிங்கில் போனைக் கவிழ்த்து வைத்திருந்தான்.

கையில் போன் மறுபடி அடித்தது. யாரோ கூப்பிடுகிறார்கள். எழுத்துகள் நீரில் அலைவதுபோல் அலைந்தன, பெயரைப் படிக்க முடியவில்லை. விரலால் இழுக்கப் பார்த்தாள், விரல் வேறெங்கோ போயிற்று. அழைப்பு நின்றுவிட்டது.

பஸ் முழுக்க ஜனம். யாரிடமாவது கேட்டால் போதும். ஒரு சாக்லேட், ஒரு மிட்டாய். ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. ஏன் தெரியுமா? வெட்கம். இந்த உடம்பை வைத்துக்கொண்டு நடு பஸ்ஸில் மிட்டாய் கேட்டால் எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். உயிர் போகிற நேரத்தில் கூடப் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் கவலையை யார்தான் ஊட்டி வளர்த்தார்களோ தெரியவில்லை.

பம்ப் இப்போது நிறுத்தாமல் அலறியது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். மடியில் ரிப்பன் கட்டிய ஸ்வீட் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்திருந்தார்.

"பாய்சாப்..." வந்தனாவுக்கு வியர்வை கண்ணில் இறங்கியது. "குச் மீட்டா ஹை க்யா? சுகர்... லோ..." இனிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேவிட்டாள்.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ரிப்பனைப் பல்லால் கடித்து அறுத்தார். பெட்டி நிறைய ஜிலேபி, பாகு சொட்டச் சொட்ட. ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "காவோ, பெஹன், காவோ" என்றார்.

முதல் ஜிலேபியை அவள் மென்றாளா விழுங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது. நான்காவதைத் தின்னும்போது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எட்டு மாதத்தில் கணக்குப் போடாமல் அவள் தின்ற முதல் இனிப்பு அதுதான். யாரும் 'என்ன சாப்பிட்டே' என்று கேட்கவில்லை. அவர் தன் கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு எதிர் வரிசையைப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

கால் மணி கழித்து அவளுக்கு எழுத்துகள் எழுத்துகளாகத் தெரிந்தன. பெட்டி யாருக்கு என்று கேட்டாள். மகள் பத்தாவது பாஸாம். அவளுக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றார். பெயர் அப்ரார் என்று சொன்னார். செம்பூரில் இறங்கும்போது கைக்குட்டையைத் திருப்பித் தரப் பார்த்தாள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டார்.

கிளினிக் வரவேற்பறையில் போன் அடித்தது. வைத்தி.

"வந்தனா! இருநூத்தி முப்பது, ரெண்டு அம்பும் மேல! என்ன சாப்பிட்டே? இன்னிக்குப் போய்!"

"ஜிலேபி. நாலு."

அவன் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் அவளே வைத்துவிட்டாள். அப்போதுதான் தவறிய அழைப்பைப் பார்த்தாள். பதினொன்று நாற்பத்திரண்டு. 'அப்பா' என்றிருந்தது.

வந்தனா அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபர்கைரனேயில் இருக்கும் அப்பா சுந்தரராமன் அவளோடு பேசி இரண்டு வருஷமாகிறது. பழைய வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான். "கல்யாணம் ஆகறவரைக்கும் வியாதியைப் பத்தி மூச்சு விடாதே" என்று அப்பா சொல்ல, இவள் நிச்சயதார்த்தத்தன்று சம்பந்திகள் நடுவில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டாள். சம்பந்திகள் ஏற்றுக்கொண்டார்கள். அப்பா ஏற்றுக்கொள்ளவில்லை. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த கையோடு பேச்சையும் தாரை வார்த்துவிட்டார். பதினோரு வயதிலிருந்து தினமும் ஆபீஸ் ரயிலுக்கு முன்னால் அவளுக்கு ஊசி போட்டவர். சட்டைப் பையில் எப்போதும் கல்கண்டுப் பொட்டலம் வைத்திருந்தவர்.

கை தவறி அழுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். திருப்பிக் கூப்பிடவில்லை. ரோஷம் அப்பாவிடமிருந்து வந்த சொத்துதானே.

எடை மெஷின் எழுபது புள்ளி நாலு காட்டியது. வந்தனாவுக்கு முகம் விழுந்துவிட்டது.

டாக்டர் எடையைப் பார்க்கவே இல்லை. கம்ப்யூட்டரில் அவளுடைய மூன்று மாதத்துக் கோட்டை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"மூணு மாச சுகர் சராசரி, அதான் ஏ1சி, ஆறு புள்ளி நாலு. பார்க்க ரொம்ப அழகா இருக்கு. ஆனா அழகெல்லாம் பொய்" என்றார். "ஏம்மா, போன தடவை நான் என்ன எழுதிக் கொடுத்தேன்?"

"எழுபதுக்குக் கீழே குறைக்கணும்னு. ட்ரை பண்ணிண்டுதான் இருக்கேன் டாக்டர். இன்னும் நானூறு கிராம்தான்..."

"எது நானூறு கிராம்?"

"வெயிட்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"வெயிட்டா? வெயிட் குறைஞ்சா நல்லதுன்னு வாயால சொன்னேன். எழுதினது சுகரைம்மா. உன் சுகர் எழுபதுக்குக் கீழே போகிற நேரம். அதைக் குறைக்கணும்னு எழுதினேன். அப்போ நூறு மணி நேரத்துல ஆறு மணி நேரம் கீழே இருந்தே. அதை நாலுக்குள்ள கொண்டு வந்தா குழந்தைக்கு ப்ளான் பண்ணலாம்னேன்." திரையை அவள் பக்கம் திருப்பினார். "இப்போ பதினொண்ணு."

இருபத்து மூன்று வருஷமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவள். எழுபது என்பது தாழ்வின் எல்லை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் அன்று மெஷினிலிருந்து இறங்கிய கையோடு அந்தக் காகிதத்தை வாங்கியவள், அதில் தன் உடம்பைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை. வைத்தியும் அப்படியே படித்தான். ஷ்யாமளா சிவப்புக் கோடு போட்டாள். மூன்று பேருமாகச் சேர்ந்து மூன்று மாதம் பாடுபட்டு, டாக்டர் எதைக் குறைக்கச் சொன்னாரோ அதையே கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கியிருந்தார்கள்.

"அஞ்சரைக் கிலோ குறைஞ்சிருக்கே. பம்ப் மட்டும் பழைய உடம்புக்கே ஊத்திக்கிட்டிருக்கு. அதனாலதான் இறங்குது, நீ இனிப்பு சாப்பிடறே, அதைச் சரிக்கட்டப் பட்டினி கிடக்கறே. எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?" டாக்டர் பம்பை வாங்கி அளவுகளை மாற்றினார். நடக்கப் போவதற்கு ஒரு மணி முன்னால் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று இரண்டு தடவை செய்து காட்டினார். "எடை மெதுவா குறையட்டும். அவசரமே இல்ல. இன்னும் மூணு மாசம் கழிச்சுப் பார்க்கலாம். அதுவரைக்கும் ப்ளான் வேண்டாம்."

இன்னும் மூன்று மாதம். வந்தனா வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்து, அப்ராரின் கைக்குட்டையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஆறரைக்கு வைத்தி சீக்கிரமே வந்துவிட்டான். கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். வந்தனா எல்லாவற்றையும் சொன்னாள். பஸ், வெள்ளரிக்காய், ஜிலேபி, பதினொன்று.

"ஐயோ" என்றான் வைத்தி. "எனக்கு ஒரு ரிங் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தேன். பாரு."

அவன் போனைப் பார்த்தான். அப்புறம் தரையைப் பார்த்தான்.

ஷ்யாமளா எழுந்து போய் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து காகிதத்தை எடுத்தாள். தான் போட்ட சிவப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தாள். அது போகவில்லை.

"அவர் கம்மியா இருந்த நாள்லாம் நன்னா இருந்தார்டி" என்றாள் மெதுவாக. "மார்க்கெட்டுக்குப் போய் எனக்குத் தெரியாம மைசூர்பாகு தின்னுட்டு வருவார். நான் இன்னும் கொஞ்சம் கெட்டியா பாத்துண்டிருந்தா இருந்திருப்பாரோன்னு... உன்னையாவது விடக்கூடாதுன்னு பாத்தேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான்கு ஜூஸ் பாக்கெட்டைக் கொண்டுவந்து வந்தனாவின் பையில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

வந்தனாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அத்தோடு நிறுத்தியிருந்தால் கட்டிக்கொண்டும் இருப்பாள். ஷ்யாமளா நிறுத்தவில்லை.

"இனிமே கவலைப்படாதே. மூணு மாசமும் நான் போனைக் கீழயே வெக்கப் போறதில்ல. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்துண்டே இருப்பேன். நீ எங்கயும் தனியா நடக்க வேண்டாம். நானும் கூட வரேன்."

"அதான் சரி" என்றான் வைத்தி. "நானும் லோ அலாரம் போட்டுக்கறேன், மீட்டிங்கா இருந்தாலும் அடிக்கும். வந்தனா, நீ மூணு மாசம் ஸ்கூலுக்கு லீவு போட்டுடேன்? பஸ், ட்ரெய்ன்னு எதுக்கு டென்ஷன்? அம்மா பக்கத்துலயே இரு."

"எனக்கு ஸ்கூல் வேணும் வைத்தி."

"குழந்தை வேணுமா வேண்டாமா?"

இதுவரை மேலே ஏறினால் கேள்வி. இனிமேல் கீழே இறங்கினாலும் கேள்வி. நடுவில் அவள் மூச்சு விட இருந்த இடத்தையும் அன்பாகப் பூட்டிவிட்டார்கள்.

"நான் போய் ஒரு டஜன் ஜூஸ் வாங்கிண்டு வந்துடறேன்" என்று வைத்தி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். ஷ்யாமளா விளக்கேற்றப் போனாள்.

வந்தனா படுக்கையறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். போனில் எழுபத்திரண்டு, அம்பு லேசாகக் கீழே சாய்ந்திருந்தது. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அதைக்கூடக் கவனிக்கவில்லை. எட்டு மாதத்தில் ஒரு தடவை கூடத் திறக்காத பக்கத்தைத் திறந்தாள். 'உங்கள் அளவைப் பார்ப்பவர்கள்.'

வைத்தீஸ்வரன். 'நீக்கவா?' என்று கேட்டது. நீக்கினாள்.

ஷ்யாமளா. 'நீக்கவா?' விரல் ஒரு கணம் நின்றது. அதையும் நீக்கினாள்.

பட்டியல் காலியாகவில்லை. மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது.

சுந்தரராமன்.

சேர்ந்த தேதி, பம்ப் மாட்டிய அதே நாள். அன்று போன் வைத்தி கையில் இருந்தது. இந்த எட்டு மாதத்தில் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும்தான்.

பதினொன்று நாற்பத்திரண்டு கை தவறிய அழைப்பு இல்லை. ஷ்யாமளா ஐம்பத்தெட்டைப் பார்த்துச் 'சமத்து' என்று சொன்ன அதே நேரத்தில், கோபர்கைரனேயில் ஒருவர் அதே எண்ணைப் பார்த்துவிட்டு, இரண்டு வருஷத்து ரோஷத்தை ஒரு பக்கம் தள்ளிவைத்துப் போனை எடுத்திருக்கிறார். வந்தனா செய்திகளைத் துழாவினாள். பாங்க், ஸ்கூல் குரூப், கரண்ட் பில்லுக்கெல்லாம் கீழே புதைந்திருந்தது. பதினொன்று நாற்பத்து நான்கு.

'கல்கண்டு இருக்கா?'

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பதில் எழுதப் போனாள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அழித்தாள். அப்புறம் எண்ணைப் பார்த்தாள். எழுபத்தொன்று. அம்பு இன்னும் கீழேதான் இருந்தது. அவரும் இந்நேரம் இதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

பையிலிருந்து ஒரு ஜூஸ் பாக்கெட்டை எடுத்து, யாரும் சொல்லாமல், யாரையும் கேட்காமல் குடித்தாள். போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து எழுபது. அப்புறம் எழுபத்து நான்கு. கால் மணி கழித்து எண்பத்தொன்பது, அம்பு நேராகியிருந்தது.

போன் ஒரு தடவை அதிர்ந்தது.

'சரி.'

அவ்வளவுதான் எழுதியிருந்தார். வந்தனா அந்த ஒற்றை வார்த்தையை விரலால் தொட்டுப் பார்த்தாள். மூன்றாவது பெயருக்கு எதிரில் 'நீக்கவா?' என்ற கேள்வி இன்னும் காத்திருந்தது. அந்தப் பக்கத்தை அப்படியே மூடினாள்.

அதே சமயம் போன் அடித்தது. மார்க்கெட்டிலிருந்து வைத்தி. எடுக்கலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பதற்குள் கூடத்திலிருந்து ஷ்யாமளாவின் பதறிய குரல் கேட்டது.

"வந்தனா! என் போனுக்கு என்னமோ ஆயிடுத்துடி! எவ்ளோ தேடியும் உன்னைக் காணோமே!"

அவள் அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருந்தாள், கதவு கூடச் சாத்தவில்லை.